அறுநூறு வெள்ளி வாடகை

2021 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங்கில் அப்பா வாங்கிய வீட்டைத் திறக்கப் போனேன். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கிரில்லில் கம்பியால் கட்டியிருந்த ‘உந்தோக் டிசேவா’ என்ற வாடகைப் பலகையில் என் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வெயில் தின்றிருந்தது. வாடகைக்கு வீடு தேடி யாராவது அந்த வழியாக வந்திருந்தாலும் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்?

உள்ளே முன்கூடத்துச் சுவரில் நேப்பாள எழுத்தில் ஒரு நாட்காட்டி அப்படியே தொங்கியது. சமையலறைச் சுவரில் அடுப்புக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் புகை. பின்னறைக் கதவு நிலையைத் தொட்டுப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் மட்டும் நின்றது. உள்ளே மரமே இல்லை, எல்லாம் கறையான் மண். அந்த நிலையின் ஓரத்தில் நானும் தம்பியும் வளர வளர அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். என் பன்னிரண்டு வயதுக் கோட்டுக்குக் கீழே மரம் இருந்தது, மேலே இல்லை.

வாசலிலேயே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். கறையானைப் பற்றிச் சொன்னதும், “தண்ணித் தொட்டி மூடி இருக்கா பாரு மொதல்ல” என்றார். எவ்வளவு செலவாகும் என்று கேட்கவில்லை. வாடகைக்கு யாராவது வந்தார்களா என்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை இந்த வாடகை விஷயம் எங்கள் குடும்பத்தில் ஓயவில்லை. ஒரே வீட்டைப் பற்றி நாலு பேருக்கு நாலு கருத்து. என் வேலையும் இதுதான். சுங்கைப்பட்டாணியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிராணி. வாடகை ஒப்பந்தம், விற்பனை ஒப்பந்தம், வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் எல்லாம் என் கையால் டைப் ஆகிப் போகின்றன. அதனால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த வீடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், அந்தத் தோட்டமே இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் இப்போது தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்பு நிற்கிறது. அங்கே வாடகை என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. வேலை இருக்கும்வரை வீடு. அப்பா மரத்தில் பால் வெட்டினார், அம்மாவும் வெட்டினார். இரண்டு பேரில் ஒருவர் பெயராவது பெரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் கணக்கில், இருந்தால்தான் அந்தக் கதவு எங்களுடையது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஐம்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து நின்றதும், மகனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லாததால், தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடம் இருந்த வீடு. போகும்போது வாசலில் இருந்த முருங்கை மரத்தில் காய் பறித்துக்கொண்டு போனார்கள். மரத்தை எடுத்துப்போக முடியாதே.

அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு தேட ஆரம்பித்தார் என்று அம்மா சொல்வார். அப்போது அரசாங்கம் குறைந்த விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 1982இல் வந்த விலை, 1998 வரை அதுதான். சேமநிதியிலிருந்து எடுத்தது கொஞ்சம், அம்மாவின் சங்கிலி கொஞ்சம், மீதி பேங்க் லோன். 1993இல் சாவி கைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை. அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய தரைவீடு. பார்த்தால் லயம் மாதிரியே வரிசையாகத்தான் இருக்கும். ஆனால் வேலை போனாலும் வீடு போகாது. அப்பாவுக்கு அந்த ஒன்று போதும்.

அப்பா 2015இல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் அம்மாவை என்னுடன் அழைத்து வந்தேன். வீட்டை 500 வெள்ளிக்கு ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு விட்டோம். அவர்கள் மாறிப்போன பிறகு 2018இல் ஒரு ஏஜெண்ட் வந்தார். தொழிற்சாலைக்கு ஆள் தங்க வீடு வேண்டும், 600 வெள்ளி, மாதம் தவறாமல் கம்பெனியே கட்டும், டெப்பாசிட்டும் ரொக்கமாகத் தருகிறோம் என்றார். நாங்கள் ஒத்துக்கொண்டோம். பத்து நேப்பாளிப் பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள். அவர்களுடைய தசைன் பண்டிகை நாளில் அம்மாவுக்கு நெற்றியில் அரிசியும் தயிரும் கலந்த சிவப்புத் திலகம் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு அறையில் பத்துப் பேர் எப்படிப் படுத்தார்கள் என்று நான் அப்போது போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். மாதம் பிறந்தால் 600 வந்தது, நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது மனது உறுத்துகிறது.

எங்கள் வரிசையில் மட்டும் அப்படி நாலு வீடு. தாமான் முழுக்க வாடகை ஏறியது அதனால்தான். பக்கத்தில் 450க்கு இருந்தவர்கள் எல்லாம், “அங்க அறுநூறு வாங்குறாங்க” என்று ஏற்றினார்கள். வாடகைக்கு இருந்த நம் ஆட்கள் சிலர் கட்ட முடியாமல் தோட்டத்து உறவினர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

அப்புறம் 2020. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பல்கலைக்கழகங்கள் இணையவழிக்குப் போயின. வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பதும் நின்றது. அதே வருடம் ஜூன் 1ஆம் தேதி இன்னொன்று நடந்தது, இதைப் பற்றி எங்கள் தாமானில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆக்டா 446இன் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தை எனக்கு ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து தெரியும், ஏனென்றால் இது எங்களுக்காக எழுதப்பட்ட சட்டம். தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 1990. தோட்டத்து லயங்களில் தண்ணீர், கழிவறை, ஆயாக் கொட்டகை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டுப்படுத்த வந்தது. 2019இல் அதைத் திருத்தி, தோட்டம் தாண்டி மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். தொழிலாளரைத் தங்கவைக்கும் இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும், ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் வந்தது. இரண்டு அறை வீட்டில் பத்துப் பேரை வைத்தால் சான்றிதழ் கிடைக்காது. தொழிற்சாலைகள் ஆட்களைத் தங்கும் விடுதிகளுக்கு மாற்ற ஆரம்பித்தன. எங்கள் வீட்டுப் பையன்களும் அந்த ஜூலையில் போனார்கள். லயத்தில் இருந்த எங்கள் அம்மாவுக்காக வந்த சட்டம், முப்பது வருடம் கழித்து அதே அம்மாவின் வாடகைக்காரர்களுக்கு நல்ல இடம் வாங்கிக் கொடுத்தது. அதனால் எங்களுக்கு வாடகை போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தால் அதுவே பெரிது.

ஆனால் வீடு காலி. 600 என்று பலகை வைத்தேன். ஒருவரும் வரவில்லை. 550 என்றேன். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இப்படித்தான் ஏழு மாதம் போனது.

தம்பி அப்போது கணக்குப் போட்டுச் சொன்னான்: “அக்கா, ஏழு மாசம் அறுநூறு, நாலாயிரத்து இருநூறு வெள்ளி நட்டம்.” எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. அறுநூறு கொடுக்க ஊரில் ஆள் இல்லாதபோது அந்த அறுநூறை நான் எப்படித் தொலைத்திருக்க முடியும்? 400க்குக் கேட்டிருந்தால் முதல் மாதமே ஆள் வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் நட்டம் 2,800. அதுவும் என் பிடிவாதத்தால் வந்தது. ஆபீசுக்கு வரும் வீட்டுக்காரர்கள் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். 600க்குக் காத்திருந்து நாலு மாதம் காலி விட்டால் வருடத்துக்கு 4,800. உடனே 450க்கு விட்டால் 5,400. தாளில் எழுதிக் காட்டினால் தலையாட்டுகிறார்கள். ஆனால் மனது ஒப்புவதில்லை. வாடகையைக் குறைத்தால் வீட்டின் மதிப்பே குறைந்துவிட்டது போல ஒரு நினைப்பு.

கடைசியில் மார்ச்சில் 400 வெள்ளிக்கு ஒரு இளம் தம்பதிக்கு விட்டேன். அவர் லாரி ஓட்டுகிறார், அந்தப் பெண் சுங்கைப்பட்டாணியில் ஒரு பேரங்காடியில் காசாளர். கைக்குழந்தை ஒன்று. கறையான் நிலையை மாற்ற 700 ஆயிற்று. பென்சில் கோடு இருந்த துண்டை மட்டும் தச்சரிடம் வெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு எல்லாரும் என் வீட்டில் கூடியபோதுதான் பெரிய வாக்குவாதம் வந்தது. மாமா, அம்மாவின் தம்பி, எழுபதைத் தொட்டவர். 400 என்று கேட்டதும் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

“ஆள் இல்லன்னா பூட்டிப் போடு. மண்ணு எங்கயும் ஓடாது. எறக்கிக் கொடுத்தா அப்புறம் ஏத்த முடியாது.”

மாமாவை எனக்குப் புரிகிறது. அவருடைய அப்பா காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர். தோட்டத் துண்டாடல் என்றால் எங்கள் வீட்டில் அது ஒரு மரணச் செய்தி மாதிரி. அதைத் தடுக்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் அது முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். தாத்தா அதில் பங்குதாரர். அந்தப் பங்குப் பத்திரத்தை மாமா பூஜையறையில் வைத்திருக்கிறார். மண்ணை விட்டால் போச்சு என்பது அவருக்கு அனுபவம். ஆனால் பூட்டிப் போட்ட வீட்டில் கறையான் என்ன செய்யும் என்பதை நான் என் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

தம்பி நேர் எதிர். அவன் கூலிமில் தொழிற்சாலை டெக்னீஷியன். அவனுக்கு வீடு என்றால் முதலீடு. அந்த வருடம்தான் வீடமைப்பு உரிமை இயக்கம் என்ற சலுகைத் திட்டத்தில் சுங்கைப்பட்டாணியில் இரண்டு மாடி வீடு ஒன்று வாங்கியிருந்தான். முத்திரை வரி விலக்கு, மேம்பாட்டாளர் பத்து விழுக்காடு தள்ளுபடி. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020 ஜூலையில் ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்தது, அவ்வளவு குறைவாக முன்பு இருந்ததே இல்லை. 3,20,000 வெள்ளி வீடு, 35 வருட லோன், மாதம் 1,100 சொச்சம். 1,200க்கு வாடகைக்கு விடலாம், வாடகைக்காரர் கட்டிய லோனில் வீடு நமக்கு என்று விற்பனைப் பெண் காகிதத்தில் எழுதியே கொடுத்திருக்கிறாள். “கூலிம்ல பெரிய பெரிய கம்பெனி வருது அக்கா, ஆளுங்க எங்க தங்குவாங்க?”

கம்பெனிகள் வந்தது உண்மைதான். இன்பினியோன் 2023 ஆகஸ்டில் கூலிம் ஆலையை விரிவாக்க மேலும் 500 கோடி யூரோ என்று அறிவித்து, 2024 ஆகஸ்டில் முதல் கட்டத்தைத் திறந்தும் விட்டது. ஆனால் தம்பி யோசித்த அதையேதான் அவன் தாமானில் வாங்கிய மற்றவர்களும் யோசித்திருந்தார்கள். சாவி கிடைத்த மாதம் அந்த ஒரே தெருவில் பதினோரு வீட்டில் ‘உந்தோக் டிசேவா’. எல்லாம் ஒரே அளவு, ஒரே பெயிண்ட். வந்து பார்த்தவர் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் அடுத்த வீட்டு வாடகையைச் சொல்லிப் பேரம் பேசினார். கடைசியில் 850க்கு விட்டான். அதற்குள் ஓபிஆர் ஏற ஆரம்பித்து 2023 மேயில் 3 விழுக்காடு ஆகிவிட்டது. அவன் தவணை 200 வெள்ளிக்கு மேல் கூடி 1,300ஐத் தாண்டியது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியதில் கொஞ்சம் மூச்சு. மாதாமாதம் நானூறு வெள்ளிக்கு மேல் கைக்காசு போடுகிறான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிடுகிறது, எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்று என் பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். அவருக்குச் செமிலிங் பக்கம் ஒரு வீடு. ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அங்கே வந்த பிறகு வீட்டை அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்கு விட்டார். கணவர் இல்லை, பென்ஷன் இல்லை, அந்த வாடகைதான் சாப்பாடு. 2020இல் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனபோது, டெப்பாசிட்டைத் திருப்பிக் கொடுக்கச் சேமநிதியில் கைவைத்தார். வாடகை இறங்கினால் ஏழைக்கு நல்லது என்று நான் அன்று ஏதோ சொல்லப்போக, அவர் என்னைப் பார்த்து, “நானும் ஏழைதானே தங்கச்சி” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றும் எதை எழுதினாலும் அந்த அக்கா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரியே இருக்கிறது.

இத்தனை பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, நான் எனக்குத் தெரிந்த ஒரு அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். அதுதான் சம்பளம். எங்கள் ஊரில் வாடகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி வாங்குகிறவர்கள். காசாளர், பாதுகாவலர், ஆலைத் தொழிலாளி, கிளினிக் உதவியாளர். நாங்கள் 600 வாங்கிய 2018இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. பத்தில் ஆறு பங்கு வாடகைக்கே. எந்தக் குடும்பமும் அதைக் கட்டிப் பிழைக்க முடியாது, கட்டவும் இல்லை. கட்டியது பத்துப் பேர், ஆளுக்கு அறுபது வெள்ளி என்று. அந்த வீட்டை அப்படிப் பிழிந்தால்தான் 600 வரும். பத்துப் பேர் போனதும் வாடகை ஒரு குடும்பம் கட்டக்கூடிய இடத்துக்கு வந்து நின்றது. 2022 மேயில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. எங்கள் வாடகை அப்போது 400, அடுத்த வருடம் 450. 450 என்பது 1,500இல் சரியாக முப்பது விழுக்காடு. வருமானத்தில் முப்பது விழுக்காட்டுக்குள் வீட்டுச் செலவு இருந்தால் தாங்கும் என்பது உலகம் முழுக்கப் பொதுவாகச் சொல்கிற கணக்கு.

அதனால்தான் ‘வாடகை விழுந்துவிட்டது’ என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. எங்கள் தாமானில் வாடகை ஏறியிருக்கக் கூடாத உயரத்துக்கு ஏறியிருந்தது. அந்த உயரத்தை நாம் நம் சொத்தின் மதிப்பு என்று நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையில் சிலர் இரண்டாவது வீட்டுக்கு லோன் எடுத்தார்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன்.

இதற்கு நாட்டுக் கணக்கு எதையாவது பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். நாபிக் என்கிற தேசியச் சொத்துத் தகவல் மையம் விற்காமல் தேங்கிய வீடுகளைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. 2021 இறுதியில் 36,863 வீடுகள், 2023 இறுதியில் 25,816. சந்தை சரியாகிறது என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வருவது, கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கி, விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதமாகியும் விலைபோகாத புது வீடுகள். தம்பி வீடு அதில் ‘விற்ற வீடு’. அவன் தெருவில் பலகை தொங்கிய பதினோரு வீடும் விற்ற வீடுகள்தான். மேம்பாட்டாளரின் தேக்கம் குறைந்ததில் ஒரு பங்கு, எங்களைப் போன்றவர்களின் தோளுக்கு மாறி வந்த சுமை. அந்தச் சுமையை எண்ண அந்த எண்ணிக்கையில் இடம் இல்லை. எங்கள் ஊர் வாடகையைத் தெரிந்துகொள்ள நான் நம்புவது, நான் டைப் செய்யும் ஒப்பந்தத்தையும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடக்கும்போது எண்ணும் பலகைகளையும்தான்.

விற்றுவிடலாம் என்று ஒரு கட்சி உண்டே. 2022 முதல் குடிமக்கள் ஐந்து வருடம் கடந்த சொத்தை விற்றால் ஆதாய வரி இல்லை. அம்மா வீட்டுக்கு இன்று 1,10,000 கொடுக்க ஆள் இருக்கிறது என்று ஒரு ஏஜெண்ட் சொன்னார். 450 வெள்ளி வாடகை என்றால் வருடம் 5,400. ஐந்து விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் நிலவரி, கதவு வரி, ஒழுகும் கூரை, உடையும் குழாய் எல்லாம் போகும். சேமநிதி 2024க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது, அங்கே குழாய் உடைவதில்லை. தம்பி வீட்டுக்கு இதே கணக்குப் போட்டால் 3.2 விழுக்காடுகூட வரவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் விற்க வேண்டும். தம்பி வீட்டைப் பொறுத்தவரை நான் அதைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் நட்டமானாலும் விற்று நிம்மதியாக இரு என்று. அவன் இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாம் என்கிறான். அவனுடைய கணக்கில் கூலிமும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. நான் சொன்னது தவறாகிப் போனால் சந்தோஷப்படுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அம்மா வீடு வேறு. அது அப்பாவின் வாழ்க்கையில் யாரும் ‘வெளியே போ’ என்று சொல்ல முடியாத ஒரே இடம். அதை முதலீடு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நினைத்த அந்த இரண்டு வருடத்தில்தான் பத்துப் பேரை இரண்டு அறையில் அடைத்தேன்.

ஆபீசில் எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. வாடகை பாக்கி என்றதும் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டு வந்து நிற்பார். 1950ஆம் ஆண்டின் குறிப்பீட்டு நிவாரணச் சட்டத்தின் ஏழாவது பிரிவு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. பாதி வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது, குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதே சமயம், ஆறு மாதம் வாடகை தராமல், குழாய்த் தலையையும் கழற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் போனவர்களால் அழுத வீட்டுக்காரப் பாட்டியையும் அதே நாற்காலியில் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் என்றால் அந்தப் பாட்டிக்கு இரண்டு வருட வாடகை செலவாகிவிடும். குடியிருப்பு வாடகைக்கு என்று தனிச் சட்டம் கொண்டுவருவதாக வீடமைப்பு அமைச்சு பல வருடமாகச் சொல்லி வருகிறது. டெப்பாசிட் எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும், தகராறு வந்தால் செலவில்லாமல் எங்கே போவது என்று ஒரு சட்டம் வந்தால், வாடகை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் தூங்கலாம். அரசாங்கமே வாடகையை நிர்ணயிக்கட்டும் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. பினாங்கில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பழைய வீடுகள் பழுது பார்க்காமலே நின்றதும், 1999 முடிவில் சட்டம் போனதும் தலைமுறையாக இருந்தவர்கள் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்ததும் நமக்குத் தெரிந்த கதை.

இந்த வருடம் ஆகஸ்டில் அந்தத் தம்பதியின் ஒப்பந்தம் முடிந்தது. மாமா போன் செய்து, குறைந்தபட்சச் சம்பளம்தான் 1,700 ஆகிவிட்டதே, 600 கேள் என்றார். தம்பி 550 என்றான். அந்தப் பெண் முந்தின வாரமே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: “அக்கா, ஏத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, சின்னவன் பாலர் பள்ளி பீஸ் கட்டணும்.” கைக்குழந்தையாக வந்தவனுக்கு இப்போது ஐந்து வயது.

அம்மாவை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. சமையலறைச் சுவரை அவர்களே வெள்ளை அடித்திருந்தார்கள். நான் காசு கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் மாற்றிப் போட்ட புதுக் கதவு நிலையில், தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே, பேனாவால் மூன்று கோடு. கீழ்க் கோட்டில் தேதி எழுதி, இரண்டு வயது என்று இருந்தது. யாரும் அவர்களுக்கு எங்கள் பென்சில் கோட்டைப் பற்றிச் சொன்னதில்லை. அம்மா அதைப் பார்த்தார், குனிந்து விரலால் தடவினார். பெயிண்டில் கிறுக்கிவிட்டோம், மன்னிச்சுக்குங்க பாட்டி என்று அந்தப் பெண் பதறினாள்.

“எழுதட்டும். மேல இன்னும் எடம் இருக்கு” என்றார் அம்மா.

480 என்று முடித்தோம், இரண்டு வருடத்துக்கு ஏற்றுவதில்லை என்று வாய்ப்பேச்சாகச் சொன்னேன். அப்புறம் வாய்ப்பேச்சு போதாது என்று தோன்றியது, இத்தனை வருடம் ஆபீசில் பார்த்ததுதான் காரணம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் போடுகிறோம், அதனால் அடுத்த வருடமும் இதே வாடகைக்குப் புதுப்பிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து, திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே டைப் செய்தேன். முன்பெல்லாம் வருட வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு முத்திரை வரி கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து அந்த விலக்கு போய்விட்டது. 24 வெள்ளி வந்தது. அதை நானே கட்டினேன். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார்.

மாமா இன்னும் என் மேல் கோபமாகத்தான் இருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு வருவார், வந்து மறுபடியும் ஆரம்பிப்பார்.